முகம் கொடுத்தல்

பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்பதை மறுப்பார் எவருமில்லை. ஆனால் அந்தக் கடமையைச் செய்கின்ற வேளையில் உள்ளத்தில் அன்பு ஊறவில்லை என்றால், செய்த செயலுக்கு மதிப்பு உண்டா? உள்ளம் நிறைய அன்பிருந்தும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவனுக்கு அந்த அன்பு துணைக்கு வருமா? இவ்விரு வினாக்களும் பல ஆண்டுகளாக என்னைத் தொடர்ந்து வருகின்றன. இவற்றைக் குறித்துத் தெளிவாகச் சிந்திக்க எனக்கு உதவியவை, நான் சற்றும் எதிர்பாராத வகையில், ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரும் மூன்று ஜப்பானியத் திரைப்படங்களும் ஆகும்.

நான் திரைக்கலை கற்றவனல்லன். ஜப்பானிய மொழியும் அறியேன். இரவில் எனக்கு உறக்கம் சரிவர வருவதில்லை என்பதை அறிந்த இளைஞர் ஒருவர், திரையின் அடியில் ஆங்கில வரிகள் ஓடும் சில படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பொழுது போவதற்காகத்தான் பார்க்கத் தொடங்கினேன். எனவே இக்கட்டுரையை ஓர் ஆய்வாக எண்ணாமல், சாதாரணப் பார்வையாளன் ஒருவனின் எண்ணங்களாகக் கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.

முதலில் தொடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'ஓஷின்' என்பது அதன் பெயர். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடங்களாக 297 பகுதிகளில் அதை ஒளிபரப்பியது. எழுதியவர் சுகாகோ ஹாஷிதா என்னும் பெண் எழுத்தாளர். அந்நாட்டில் அதன் சராசரிப் பார்வையாளர் அளவு 52.6 விழுக்காடு, உச்ச அளவு 62.9 விழுக்காடு. பின்னர் இலங்கை உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது காட்டப்பட்டது. வியட்நாமில் வீட்டு வேலை செய்யும் பெண்ணைக் குறிக்கும் பேச்சுச் சொல்லாகவே 'ஓஷின்' என்ற பெயர் நிலைத்துவிட்டது என்றால், அத்தொடர் எளிய மக்களின் நெஞ்சில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்!

கதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாமகாதா என்னும் வடபுலத்துப் பனிப்பகுதியில் தொடங்குகிறது. குத்தகை உழவன் ஒருவனின் மகளான ஓஷின், ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்காக வேறொரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அனுப்பப்படுகிறாள். மோகாமி ஆற்றில் மரக்கட்டைகளைக் கட்டிய தெப்பம் ஒன்று அவளை ஏற்றிக்கொண்டு போகிறது. அவளுடைய தாய் அன்பில்லாதவளா? அல்லள். வீட்டில் உண்ணும் வாய் ஒன்று குறைந்தால்தான் எஞ்சிய வாய்களுக்கு உணவு கிட்டும் என்ற நிலையில் நின்றவள் அவள். உள்ளத்தின் அன்பு ஒரு திசையிலும் செய்ய வேண்டியது வேறொரு திசையிலும் இழுக்கும்போது மனிதர் படும் பாடு அந்தக் குளிர்ந்த ஆற்றங்கரையில் புலப்படுகிறது.

இந்த இழுபறிக்கு ஜப்பானியரிடம் பெயர்களே உண்டு. ஒருவன் பிறருக்குச் செலுத்த வேண்டிய கடப்பாட்டை அவர்கள் 'கிரி' என்பர். மனித உள்ளத்தின் இயல்பான உணர்வை 'நிஞ்ஜோ' என்பர். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் பொம்மலாட்ட அரங்குக்காக நாடகங்கள் எழுதிய சிக்காமத்சு மொன்சாயெமொன் காலத்திலிருந்து, இவ்விரண்டின் மோதலே அந்நாட்டு நாடகங்களுக்கு உயிராக இருந்து வந்திருக்கிறது. நான் பார்த்த படங்களும் அந்த மரபின் பிள்ளைகளே.

அவற்றுள் என்னை மிகவும் கலக்கியது யசுஜிரோ ஓசு 1953-இல் இயக்கிய 'டோக்கியோ கதை'. ஹிரோஷிமா மாநிலத்தில் கடலோரமாக அமைந்த ஒனோமிச்சி என்னும் ஊரிலிருந்து முதிய தம்பதியர் இருவர் பிள்ளைகளைக் காண டோக்கியோவுக்குப் புறப்படுகின்றனர். மூத்த மகன் மருத்துவர். மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். இருவரும் கொடியவர்கள் அல்லர். வேலை மிகுந்தவர்கள், அவ்வளவே. பெற்றோரை ஊர் சுற்றிக் காட்டப் புறப்படும் நேரத்தில் மகனுக்கு நோயாளி வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது, பயணம் நின்றுபோகிறது. பின்னர் பிள்ளைகள் பணம் போட்டு அவர்களை அத்தாமி என்னும் வெந்நீர் ஊற்று நகரின் விடுதிக்கு அனுப்புகிறார்கள். இளைஞர்கள் இரவெல்லாம் சூதாடிப் பாடிக் கும்மாளமிடும் அவ்விடுதியில் முதியவர்களுக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளே திரும்பிவிடுகிறார்கள். அன்று மாலை மகள் வீட்டில் தொழில் தொடர்பான கூட்டம். தங்க இடமில்லாமல், தாய் ஓரிடமும் தந்தை ஓரிடமுமாகப் பிரிந்து போகிறார்கள்.

தாய் போய்த் தங்கிய இடம் நோரிகோவின் சிற்றறை. நோரிகோ அவர்களுடைய மகளல்லள். போரில் மாண்ட இரண்டாம் மகனின் மனைவி. அவன் போய் எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அவளுக்கு அக்குடும்பத்தோடு சட்டத்தின் கட்டு ஏதுமில்லை என்றே சொல்லலாம். ஆயினும் அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு, மாமனாரையும் மாமியாரையும் நகரம் சுற்றிக் காட்டியவள் அவள் ஒருத்திதான்.

ஊர் திரும்பிய சில நாள்களில் தாய் இறந்துபோகிறாள். பிள்ளைகள் வருகிறார்கள், அழுகிறார்கள், அடக்கம் முடிந்த கையோடு, தாயின் ஆடைகளில் இன்னது எனக்கு வேண்டும் என்று மகள் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அன்றே புறப்பட்டும் விடுகிறார்கள். நோரிகோ மட்டும் சில நாள் தங்குகிறாள். இறுதியில் முதியவர் அவளிடம், நாங்கள் பெற்ற பிள்ளைகளைவிட நீயே எங்களுக்கு மிகுதியாகச் செய்தாய் என்று நன்றி கூறுகிறார். அதற்கு அவள் சொல்லும் மறுமொழிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நீங்கள் நினைப்பதுபோல் நான் நல்லவளல்லள், தன்னலம் உடையவள், உங்கள் மகனை நினைக்காமலே கழியும் நாள்களும் எனக்கு உண்டு என்று அவள் அழுகிறாள். முதியவர் நீ உண்மையானவள் என்கிறார்; மறைந்த மனைவியின் கடிகாரத்தை அவளுக்குக் கொடுக்கிறார்.

இக்காட்சியைப் பார்த்த இரவு நான் படத்தை நிறுத்திவிட்டு நெடுநேரம் இருளில் அமர்ந்திருந்தேன். காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் தாயார் மூன்றாண்டுகள் படுத்த படுக்கையாக என் அண்ணன் வீட்டில் இருந்தார். அவரைக் குளிப்பாட்டியதும் உணவூட்டியதும் துணி மாற்றியதும் என் அண்ணியார். நான் மாதம் ஒருமுறை போய்வருவேன். கட்டிலருகே கால்மணி நேரம் அமர்ந்து செபித்துவிட்டு எழுந்துவிடுவேன். எங்கள் பங்குத் திருவிழாவின் தேர்ப்பவனி அன்று மாலையில் அண்ணன் தொலைபேசியில் அழைத்து, "அம்மா உன்னைத்தான் கேக்குறாங்க, உடனே புறப்பட்டு வா" என்றார். அண்டைப் பங்கின் தந்தையிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் பவனியை அவர் நடத்தியிருப்பார். நான் அப்படிச் செய்யவில்லை. தேர் நிலைக்கு வந்தபின் புறப்பட்டு, விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன்பே அம்மா போய்விட்டிருந்தார். 'தாயின் மரணப் படுக்கையிலும் கடமை தவறாதவர்' என்று மக்கள் என்னைப் போற்றினார்கள். அப்போற்றுதலை நான் மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அண்ணியார் என்னைத் தனியே அழைத்து, "சாமி, ராத்திரி அத்தை கூப்பிடுவாங்க. சில நாள் காது கேக்காத மாதிரி படுத்துக் கிடந்திருக்கேன். இன்னும் எத்தனை நாளைக்கு இப்படின்னு மனசுக்குள்ள சலிச்சிருக்கேன். எல்லாரும் என்னைப் புகழுறதக் கேக்க எனக்குத் தாங்கல" என்றார். நான் உடனே, "என்ன அண்ணி இது, நீங்கள் செய்ததை எந்த மகள் செய்வாள்? நீங்கள் ஒரு புனிதை" என்றேன். அவர் தலை குனிந்தார். அதற்குமேல் ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போய்விட்டார்.

அந்த ஜப்பானிய முதியவரின் மறுமொழியைக் கேட்டபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. அண்ணியார் என்னிடம் பாராட்டைக் கேட்டு வரவில்லை. தம் உள்ளத்தின் உண்மையை ஒருவர் முன் வைக்க வந்தார். நானோ அதைப் பாராதவாறு ஒரு புகழ்மாலையைப் போட்டு மூடிவிட்டேன்.

இனி வினாவுக்கு வருவோம். சலிப்போடு செய்த பணிவிடை மதிப்பிழந்ததா?

அன்பு என்பது உள்ளத்தின் நெகிழ்ச்சி மட்டுமே என்றால், அதை எவரும் எவருக்கும் கட்டளையிட இயலாது. விருப்பத்தின் வழியே எழும் அன்பைக் கட்டளையிட முடியாது, நன்மை செய்வதையே கட்டளையிட முடியும் என்று ஜெர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, அன்பு செய்வதாவது பிறருக்கு நன்மையை நாடுதல் என்று வரையறுத்தார். நாடுதல் என்பது சித்தத்தின் செயல்; நெகிழ்தல் உணர்வின் செயல். நான்காம் கட்டளையும் தாய் தந்தையரைக் குறித்து 'மதித்தல்' என்ற சொல்லையே ஆள்கிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவர்களிடம் எந்நாளும் உருகிக்கொண்டிரு என்று அது நம்மைக் கேட்கவில்லை. அவ்வாறாயின், நள்ளிரவில் சலித்துக்கொண்டே எழுந்து போன அண்ணியாரின் செயலில் அன்பு இருந்தது. எழாமல் படுத்திருந்த இரவுகளுக்காக அவர் வருந்தியதிலும் அன்பு இருந்தது.

ஆனால் இவ்விடையோடு நின்றுவிட்டால் வேறொரு குழியில் விழுவோம். உணர்வு தேவையில்லை, செயல் போதும் என்றால், டோக்கியோவின் பிள்ளைகளும் செயலில் குறைவைக்கவில்லையே! தங்க இடம் கொடுத்தார்கள்; பணம் செலவிட்டு விடுதிக்கு அனுப்பினார்கள். ஜப்பானியக் குடிமையியல் சட்டத்தின் 877ஆம் பிரிவு நேர்வழி உறவினரும் உடன்பிறந்தாரும் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. இத்தகைய சட்டத்தின் அளவுகோலால் அளந்தால் அந்த மகனும் மகளும் குற்றமற்றவர்கள். ஆயினும் அத்தாமி விடுதியின் கடலோரச் சுவரின் மீது அமர்ந்திருக்கும் அந்த இரு முதியவர்களைப் பார்க்கும் எவருக்கும், அவர்களுக்குத் தரப்படாத ஏதோ ஒன்று உண்டு என்பது தெரியும்.

அது என்ன? தமிழில் அதற்கு நல்லதொரு பெயர் இருக்கிறது: முகம் கொடுத்தல். விருந்தினர் உள்ளம் வாடுவதற்கு முகம் திரிந்த ஒரு பார்வையே போதும் என்று கூற வந்த வள்ளுவர் அனிச்ச மலரை உவமை காட்டினார். அப்பெற்றோர் தம் பிள்ளைகளின் வீட்டிலேயே விருந்தினர் ஆகிவிட்டார்கள்; விருந்தினருக்குரிய முகம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நோரிகோ செலவிட்ட பணம் சொற்பம். அவள் கொடுத்தது ஒரு நாள். அந்நாள் முழுவதும் அவர்கள் பக்கம் திரும்பியிருந்த ஒரு முகம்.

முகம் கொடுப்பது உணர்வன்று. அதைச் சித்தத்தால் செய்ய முடியும். சலிப்புற்றவரும் செய்யலாம். அதே வேளையில் அது வெறும் செலவுமன்று. ஆள் வைத்தோ பணம் அனுப்பியோ அதைச் செய்துவிட முடியாது. என் குறையும் இங்குதான் இருந்தது. அம்மாவிடம் எனக்கு உணர்வு குறைவாக இருந்ததில்லை. சுருங்கிக்கொண்டே வந்த அந்த முகத்தைப் பார்க்க நான் அஞ்சினேன். திருவிழா எனக்கு ஒரு மறைப்பாயிற்று. கடமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும் என்பதை நான் கற்றுக்கொண்டது இப்படித்தான். அப்படத்தில் ஒசாக்காவிலிருந்து தாமதமாக வந்துசேரும் இளைய மகன், கோவிலில் ஓதும் ஒலியைக் கேட்கப் பொறுக்காமல் எழுந்து வெளியே போய் அமர்கிறான். அவனருகே நானும் அமர்ந்திருந்தேன் என்று சொன்னால் வாசகர்கள் நகைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாவது படம் ஷோஹெய் இமாமுரா இயக்கிய 'நாராயாமா பாடல்'. 1983-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. வறுமை மிக்க மலைச்சிற்றூர் ஒன்றில் எழுபது வயதை எட்டியவர்களை மகன் முதுகில் சுமந்துபோய் மலையில் விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். இது பழங்கதையின் அடிப்படையில் எழுதப்பட்ட புதினத்திலிருந்து பிறந்த படம், வரலாறன்று. எனினும் தென்மாவட்டங்களில் முதியோரைக் குளிர்ந்த எண்ணெய்க் குளியலால் சாகவிடும் 'தலைக்கூத்தல்' பற்றி 2010-இல் விருதுநகர் வட்டாரத்திலிருந்து வந்த செய்திகளைப் படித்த நமக்கு, அதை அயலார் கதை என்று ஒதுக்கிவிட உரிமையில்லை.

அப்படத்தில் ஒரே வழக்கத்தை இரு மகன்கள் நிறைவேற்றுகிறார்கள். ஒருவன், வர மறுக்கும் தந்தையைக் கயிற்றால் கட்டி இழுத்துச் சென்று பள்ளத்தாக்கில் தள்ளிவிடுகிறான். மற்றவன் தத்சுஹெய். அவனுடைய தாய் ஓரின், தன் பற்கள் இன்னும் உறுதியாக இருப்பதற்கு வெட்கப்பட்டுத் தானே கல்லில் மோதி உடைத்துக்கொண்டவள். போவதற்குத் தானே முன்நிற்பவள். மலையில் பேசக் கூடாது, விட்டபின் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பன விதிகள். தாயை விட்டு இறங்கும் வழியில் பனி பொழியத் தொடங்குகிறது. பனி பொழிந்தால் விரைவில் துன்பம் தீரும். அது நற்பேறு என்பது அவ்வூர் நம்பிக்கை. தத்சுஹெய் விதியை மீறி மேலே ஓடுகிறான். பனி வந்துவிட்டது என்று தாயிடம் சொல்லிவிட்டு வருகிறான். அவள் கையசைத்து அவனைப் போகச் சொல்கிறாள்.

அவன் செய்தது கொடிய செயல். திரும்பி ஓடியதால் அது நற்செயலாகிவிடாது. இதில் நாம் தடுமாறக் கூடாது. உயிரைக் கைவிடச் சொல்லும் வழக்கத்துக்குக் கடமை என்ற பெயரே பொருந்தாது. ஆயினும் அந்த ஓட்டம் ஒன்றைக் காட்டுகிறது. எல்லா உரிமையும் பறிக்கப்பட்ட இடத்திலும், ஒரு மனிதன் மற்றவருக்குத் தன் முகத்தைத் திருப்பிக் காட்டத் தவிக்கிறான். அத்தவிப்பைத் தடை செய்யும் எந்த விதியும் தன் தீமையைத் தானே வெளிப்படுத்திவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் தொடர்ந்து செய்ய முடியாது என்பதனால்தானே திரும்பிப் பார்க்காதே என்கிறார்கள்!

மூன்றாவது, யோஜிரோ தகிதா 2008-இல் இயக்கிய 'புறப்பாடுகள்'. 2009-இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. இதன் கதையும் ஓஷின் பிறந்த அதே யாமகாதாவில்தான் நிகழ்கிறது. இசைக்குழு கலைக்கப்பட்டதால் வேலையிழந்த தைகோ என்னும் இளைஞன் சொந்த ஊர் திரும்பி, இறந்தோரைத் தூய்மை செய்து ஆடை அணிவித்துப் பெட்டியில் வைக்கும் பணியில் சேர்கிறான். தீட்டு என்று மனைவியே அவனை விட்டு நீங்குகிறாள். பின்னர் அவன் கைகளின் பணிவைக் கண்ணால் கண்டபின் மனம் மாறுகிறாள்.

அவனுக்கு ஆறு வயதானபோது தந்தை வேறொரு பெண்ணோடு போய்விட்டவர். வெறுப்பு மட்டுமே அவன் உள்ளத்தில் எஞ்சியிருக்கிறது. தந்தையின் முகம்கூட நினைவில் இல்லை. அத்தந்தை ஒரு மீனவர் ஊரில் தனியராய் இறந்துவிட்டார் என்ற செய்தி வருகிறது. முதலில் போக மறுக்கிறான், பிறகு போகிறான். பெட்டியில் வைக்க வந்த ஆள்கள் உடலை ஏனோதானோவென்று தூக்கும்போது அவன் பொறுக்காமல் தடுத்துத் தானே அப்பணியை மேற்கொள்கிறான். இறுகிய விரல்களைப் பிரிக்கையில், சிறுவனாக இருந்தபோது அவன் கொடுத்த ஒரு சிறு கூழாங்கல் தந்தையின் கையிலிருந்து விழுகிறது. முகத்தை மழித்துத் துடைக்கத் துடைக்க, மங்கியிருந்த அந்த முகம் அவன் நினைவில் துலங்குகிறது. அப்போது அழுகிறான்.

இங்கே அன்பு முன்னே வந்து செயலைப் பிறப்பிக்கவில்லை. கைகள் முன்னே சென்றன. உள்ளம் பின்னால் வந்து சேர்ந்தது. அன்பு வரட்டும், பிறகு செய்வோம் என்று அவன் காத்திருந்தால் அது வந்தே இராது. ஒருவேளை அந்தக் கூழாங்கல் கையில் இல்லாமல் போயிருந்தால்? அவன் உள்ளம் நெகிழாமலே இருந்திருக்கலாம். அப்போதும் இறந்தவரின் முகத்தைத் துடைத்தது நன்றே ஆகும். கூழாங்கல் அவனுக்குக் கிடைத்த கொடை. அதை எதிர்பார்த்து அவன் பணி செய்யவில்லை.

இன்று ஜப்பானில் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர் அறுபத்தைந்து வயது கடந்தவர்கள். தனிமையில் இறந்து, பின்னரே கண்டெடுக்கப்படும் மரணத்துக்கு அவர்கள் மொழியில் 'கோதோகுஷி' என்று ஒரு சொல்லே உண்டு. பொருள் வளம் மிகுந்த நாட்டில் இந்நிலை. நம் ஊர்களிலும் பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெருநகரங்களிலும் இருக்க, பெரிய வீடுகளில் இரு முதியவர்கள் மட்டும் வாழ்வதை நான் வீடு சந்திக்கப் போகும்போதெல்லாம் காண்கிறேன். அப்பிள்ளைகளைப் பழிக்க எனக்குத் தகுதியில்லை. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். ஓசுவும் அவர்களைப் பழிக்கவில்லை. அவர் மணம் செய்துகொள்ளாமல் தாயோடு வாழ்ந்தவர். தாய் இறந்த மறு ஆண்டே, 1963-இல், தம் அறுபதாம் பிறந்த நாளன்று மறைந்தவர்.

ஆகவே, பெற்றோரைப் பேணிச் சலித்திருக்கும் மகளிருக்கும் மருமகளிருக்கும் மகன்களுக்கும் நான் சொல்லக் கூடியது இவ்வளவே. சலிப்பு வந்ததால் நீங்கள் அன்பற்றவர்கள் ஆகிவிடவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. கேட்கத் தக்க ஒருவரிடம் சொல்லுங்கள். கேட்பவர்களே, அவசரப்பட்டுப் புகழாதீர்கள். தொலைவில் இருப்பவர்களே, அனுப்பும் பணத்தோடு உங்கள் முகத்தையும் கொண்டுவாருங்கள். வர முடியாத காரணம் உண்மையானதா, ஒளிந்துகொள்ளும் திரையா என்பதை உங்கள் மனச்சான்று அறியும்.

சென்ற மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணியாருக்கும் இப்போது முழங்கால் வலி, மெல்லத்தான் நடக்கிறார். தேநீர் கொண்டுவந்து வைத்தவரை உட்காரச் சொல்லி, "அன்று நீங்கள் சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை அண்ணி. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அம்மாவின் கடைசி இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தேநீர் ஆறும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.